வாழைநார் போட்டு ஒரு ரெசின் பலகை: முதல்முறை செய்பவர்களுக்கு

எபாக்ஸி ரெசின் என்பது, ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் இறுகிவிடும் பிசின். அதை மட்டும் ஊற்றி இறுக விட்டால், அந்தப் பலகை ஒரு அடிக்குச் சட்டென்று உடையும். உள்ளே நார் இருந்தால் இழுக்கிற விசையை நார் வாங்கிக்கொள்ளும். வலிமையில் கண்ணாடி இழைதான் மேல். ஆனால் அதன் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.5 கிராம், வாழை போன்ற தாவர நாருக்குச் சுமார் 1.4 தான், அதனால் எடை குறைவு.

20 செ.மீ. சதுரம், 3 மி.மீ. கனத்தில் ஒரு பலகை செய்வோம். வாழைநார் 40 கிராம் வாங்குங்கள். பூக்கட்டும் நார் வேண்டாம், அது பட்டையைக் கிழித்தது. மெஷினில் சதையைச் சுரண்டி எடுத்த, முடி போலப் பளபளக்கும் நார்தான் வேண்டும்.

முதலில் நாரைக் கழுவ வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. ஒரு மணி நேரம் ஊறினால் நாரின் மேலுள்ள மெழுகும் பசையும் கழன்று, ரெசின் பிடிக்கிற சொரசொரப்பு வரும். வழவழப்பு போகும் வரை அலசி, கடைசித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விடுங்கள்.

அடுத்தது காயவைப்பது. இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும் நாருக்குள்ளும் ஈரம் இருக்கும், ரெசினுக்கு அது ஆகாது. என் முதல் பலகையில் நார் ஓடிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் குமிழ். இரண்டு நாள் வெயில் போதும் என்று நினைத்திருந்தேன். இப்போது வெயிலுக்குப் பிறகு, சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனில் 80 டிகிரியில் வைத்து, மணிக்கொரு தடவை எடை பார்க்கிறேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. உடனே காற்றுப் புகாத கவரில் போட்டுவிடுங்கள்.

சரி, இனி வார்ப்பு. ஒரு தரை டைல்ஸின் மேல் பாலித்தீன் ஷீட் விரித்து, நான்கு பக்கமும் 3 மி.மீ. அக்ரிலிக் பட்டைகளால் சட்டம் கட்டுங்கள். நாரில் 30 கிராம் எடுத்து மூன்று பங்காக்குங்கள். ரெசின் 110 கிராம், ஹார்டனர் 11 கிராம். இந்த 10-க்கு 1 என் ரெசினுக்கான கணக்கு, உங்கள் டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். அகலமான கிண்ணத்தில் மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். குறுகலான டம்ளர் என்றால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

கொஞ்சம் ரெசின் தடவி, முதல் பங்கை ஒரே திசையில் பரப்பி, பிரஷ்ஷால் ஒற்றுங்கள். நாரின் வெளிர்நிறம் மறைந்து தேன் நிறமானால் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டாம் பங்கு குறுக்காக, மூன்றாவது முதல் திசையில். மேலே இன்னொரு ஷீட், இன்னொரு டைல்ஸ், 10 கிலோ எடை. ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

ஓரத்தில் இரண்டு செ.மீ. பட்டை அறுத்து உடைத்துப் பாருங்கள். நார்கள் நீளநீளமாக உருவிக்கொண்டு வந்தால் பிடிப்பு போதவில்லை, கழுவியதிலோ காயவைத்ததிலோ குறை. உடைந்த இடத்தோடு சேர்ந்தே அறுந்திருந்தால் நல்ல பலகை. அப்புறம், அறுத்த விளிம்பில் நார்முனைகள் திறந்திருக்கும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும் என்பதால் அங்கே ஒரு கோட் ரெசின் தடவிவிடுங்கள்.