டென்வருக்குப் புதிதா? முதலில் அடிவாரம், அப்புறம் மலை

டென்வருக்கு வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆபீஸில் யாராவது ஒருவர், "சனிக்கிழமை பதினாலாயிரம் அடி மலை ஏறப்போகிறோம், வர்றீங்களா?" என்று கேட்பார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊரே 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. அபார்ட்மெண்ட் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவது அதனால்தான், வயசாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். உடம்பு பழகும்வரை, மேற்கே அரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் அடிவாரப் பூங்காக்களே போதும்.

முதல் நடைக்கு நான் சொல்வது மவுண்ட் ஃபால்கன். ஜெஃபர்சன் கவுண்டியின் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. இதற்கு இரண்டு வாசல். மாரிசன் பக்கத்துக் கிழக்கு வாசலில் தொடங்கினால் நிழலே இல்லாத பாதையில் 1,500 அடிக்கு மேல் ஏற வேண்டும். இண்டியன் ஹில்ஸ் பக்கத்து மேற்கு வாசலில் காரே உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். குழந்தைகளோ, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவோ கூட இருந்தால் யோசிக்காமல் மேற்கு வாசல்தான். வழியில் பாண்டரோசா பைன் மரங்கள் நிற்கும். வெயில் ஏறிய பிறகு பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், வெனிலா வாசம் வரும். என் மகள் ஒரு மரம் விடமாட்டாள்.

பாதையில் கொஞ்ச தூரத்தில் ஜான் பிரிஸ்பன் வாக்கர் என்ற பணக்காரர் கட்டிய கல்மாளிகையின் மிச்சச் சுவர்கள் நிற்கின்றன. 1918இல் எரிந்துபோனது, மின்னல்தான் காரணம் என்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். வந்த முதல் ஜூலையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு மேல் கிளம்பினோம். வானம் பளிச்சென்று நீலம். ஒரு மணிக்கு எங்கிருந்தோ மேகம் வந்து, சுண்டைக்காய் அளவு ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. எல்லோரும் பருத்திச் சட்டை, தொப்பலாக நனைந்து, கோடையிலேயே பல் கிட்டியது. ஜூலை, ஆகஸ்டில் மத்தியான இடி இங்கே வாடிக்கை. காலை ஏழுக்கே நடக்கத் தொடங்கி, பன்னிரண்டுக்குள் காருக்குத் திரும்பிவிடுங்கள். பார்க்கிங்கும் அப்போதுதான் கிடைக்கும்.

குளிர்காலத்திலும் போகலாம். பனி பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் தெற்கு பார்த்த சரிவு காய்ந்துவிடும். வடக்கு பார்த்த சரிவில் வாரக்கணக்கில் ஐஸ் கிடக்கும். ஐஸில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸ் ஒரு ஜோடி வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். மார்ச், ஏப்ரலில் பாதை சேறாக இருக்கும். சேற்றைத் தவிர்க்கப் புல்லில் இறங்கினால் பாதை அகலமாகிப் புல் செத்துவிடும், அதனால் நடுச்சேற்றிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் முறை. ஷூ போனால் போகட்டும்.

வெயில் காலத்தில் கோல்டன் ஊரை ஒட்டிய நார்த் டேபிள் மவுண்டனில் ராட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பு உண்டு. பார்க்காமல் பாறையிடுக்கில் கைவைக்காதீர்கள். கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.

ராக்ஸ்பரோ போன்ற மாநிலப் பூங்காக்களுக்குப் பாஸ் வேண்டும். ஆனால் கார் பதிவு செய்யும்போதே, வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், அந்தப் பாஸும் தானாகச் சேர்ந்துவிடும். 2023இல் தொடங்கியபோது வருஷத்துக்கு 29 டாலர். பதிவு அட்டையைப் பாருங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம்.

எதிரே ஆள் வந்தால் ஏறுபவருக்குத்தான் முதல் வழி. இறங்குபவர் ஒதுங்க வேண்டும். சைக்கிள்காரர் நமக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, நம்பி நடுவில் நிற்காதீர்கள். ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு நடப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல பாட்டானாலும்.

சென்டெனியல் கோன் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் கிளம்புமுன் காலண்டரைப் பாருங்கள். வார இறுதிகளில் ஒற்றைப்படைத் தேதி நடப்பவர்களுக்கு, இரட்டைப்படைத் தேதி சைக்கிளுக்கு. நாங்கள் ஒரு எட்டாம் தேதி போய், வாசல் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினோம். வருகிற வழியில் ஜெனிசியில், ஐ-70 நெடுஞ்சாலை ஓரத்து வேலிக்குப் பின்னால் டென்வர் மாநகராட்சி வளர்க்கும் பைசன் (காட்டெருமை) கூட்டம் நின்றிருந்தது. அன்றைக்கு அதுதான் கிடைத்தது.