குடும்ப வன்முறையும் துப்பாக்கி உரிமையும்: அமெரிக்கச் சட்டத்தைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனைவியை அடித்துத் தண்டனை பெற்ற ஒருவர் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கலாமா? கூடாது என்று 1996-லேயே சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும் வாதம் ஓயவில்லை. வாதம் செய்கிற இரண்டு தரப்பாரும் சட்டத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தடை இருக்க வேண்டும். ஆனால் தடை இருக்கிறது என்பதால் வீட்டிலிருக்கும் துப்பாக்கி வெளியே போய்விட்டதாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய தவறு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

அதற்கு முன், நம்மூர்க் கண்ணோடு இதைப் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி என்பது அரசு மனம் வைத்தால் கிடைக்கும் லைசென்ஸ். அங்கே அது அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்தில் உள்ள உரிமை. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் 'கொடுக்காமல் இருந்தால் என்ன?' என்று நாம் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. அங்கே கேள்வியே, இருக்கும் உரிமையை எந்தக் காரணத்துக்காகப் பறிக்கலாம் என்பதுதான்.

அடுத்து, 'சின்னக் குற்றம்தானே, அதற்குப் போய் ஆயுள் முழுக்கத் தடையா?' என்கிற வாதம். 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு ஏற்கெனவே துப்பாக்கி கிடையாது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் அடிதடி பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதே இல்லை. மிஸ்டிமீனர் என்ற சிறுகுற்றமாகவே பதிவாகும்; இல்லாவிட்டால் பேரம் பேசி அப்படிக் குறைக்கப்படும். பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்லத் தயங்குவார். அரசுத் தரப்பும் கிடைத்த வரைக்கும் போதும் என்று முடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரை அடித்தால் எப்படியோ, மனைவியை அடித்தால் குற்றம் தாளில் சிறுத்துவிடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் நியூ ஜெர்சி செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பர்க் 1996-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குடும்ப வன்முறைக்காகச் சிறுகுற்றத் தண்டனை பெற்றிருந்தாலே போதும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 1996-க்கு முன்பு வாங்கிய தண்டனைக்கும் இது பொருந்தும்.

எதிர்த்தரப்புக்கு இதில் ஒரு நல்ல கேள்வி உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016-இல் இந்தத் தடையைப் பற்றிய வாய்சின் வழக்கு விசாரணையில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் வாய் திறந்தார். பத்து வருடங்களாக அமர்வில் ஒரு கேள்விகூடக் கேட்காதவர் அவர்! ஒரு சிறுகுற்றத்துக்காக அரசியல் சாசன உரிமை ஒன்று பறிபோகும் வேறு இடம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்டது. நீதிமன்றம் கடைசியில் 6-க்கு 2 என்று சட்டத்தின் பக்கம் நின்றது; வேண்டுமென்றே அடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விளைவைப் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருந்தாலும் தடை உண்டு என்றது. தாமஸின் கேள்வி மட்டும் இன்னும் காற்றில்தான் நிற்கிறது. இந்த ஒரு குற்றத்தில்தான் அடித்தவரும் அடிபட்டவரும் திரும்ப ஒரே கதவுக்குள் போகிறார்கள் என்பது என் பதில்.

வழக்கு வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு, தண்டனை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் ஏராளம். வெறும் புகாரால் கூட்டாட்சிச் சட்டப்படி யாருடைய துப்பாக்கியும் போகாது. பாதுகாப்பு உத்தரவு என்பது, துணையைத் துன்புறுத்தாதே, மிரட்டாதே என்று நீதிமன்றம் போடும் உத்தரவு. அதற்கு உட்பட்டவருக்கான துப்பாக்கித் தடை 1994-இல் வந்த தனிப் பிரிவு. உத்தரவு அமலில் இருக்கும்வரைதான் அந்தத் தடை. 2024 ஜூனில் பரபரப்பாகப் பேசப்பட்ட ரஹிமி தீர்ப்பு இதைப் பற்றியது, தண்டனை பெற்றவர்களைப் பற்றியது அல்ல. 2022-இல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடாக இருந்தாலும் நாட்டின் பழைய சட்ட மரபில் அதற்கு வேர் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் மனைவியை அடித்தவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கும் சட்டத்துக்கு எங்கே போவது? அடிப்பதையே பெரிய தப்பாக நினைக்காத காலம் அது. கீழ் நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவுப் பிரிவைச் செல்லாது என்றே சொல்லிவிட்டது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அச்சுப் பிசகாத முன்னோடியைத் தேடாமல், ஆபத்தானவர் என்று கருதப்பட்டவரிடம் நன்னடத்தைப் பிணை வாங்கும் பழைய சட்டங்களைக் காட்டினார். இன்னொருவர் உயிருக்கு அச்சுறுத்தல் என்று நீதிமன்றமே கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கலாம் என்று 8-க்கு 1 கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஒருவர் தாமஸ்தான்.

ரஹிமியை வைத்து 'உச்ச நீதிமன்றம் ஆயுள் தடையையும் ஏற்றுவிட்டது' என்று எழுதினால் அது மிகை. தற்காலிகம் என்ற சொல் தீர்ப்பில் சும்மா வரவில்லை. அதன் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் லாட்டன்பர்க் தடையை நிலைநிறுத்தியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தத் தடை இரண்டாம் திருத்தத்துக்கு உட்பட்டதுதானா என்பதை உச்ச நீதிமன்றம் நேரடியாக எடுத்துப் பேசவில்லை. தண்டனை பெற்றவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பதும் உதவாது. உணவு உதவி பெற 1995-இல் பொய்க் கணக்குக் காட்டிய ஒருவருக்கு ஆயுள் தடை விதிக்க முடியாது என்று மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் யாரையும் அடிக்கவில்லை.

சரி, தடை இருக்கிறது. துப்பாக்கியை யார் எடுப்பது?

கூட்டாட்சிச் சட்டம் 'வைத்திருக்காதே' என்று சொல்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்துவரும் வேலையை அது யாருக்கும் கொடுக்கவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் எத்தனை நாளில், யாரிடம் ஒப்படைத்து, ரசீதை எந்த நீதிமன்றத்தில் காட்ட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. பல மாநிலங்களில் அது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. மனைவியை அடித்தவரின் மனசாட்சிக்கு!

புதிதாக வாங்குவதைத் தடுக்கப் பின்னணிச் சோதனை உண்டு. 1998 இறுதியிலிருந்து லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் அமைப்பில் பெயரைச் சரிபார்க்க வேண்டும். அந்த அமைப்புக்குத் தண்டனை விவரம் வந்து சேர்ந்திருந்தால்தான் சோதனைக்கு அர்த்தம். டெக்சாஸில் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரில் நடந்ததைப் பாருங்கள். விமானப் படையில் இருந்த ஒருவன் மனைவியையும் அவளுடைய கைக்குழந்தையையும் தாக்கியதற்காக 2012-இல் ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றான். ஓராண்டுச் சிறை, பிறகு படையிலிருந்து வெளியேற்றம். சட்டப்படி அவன் கையில் துப்பாக்கியே இருக்கக் கூடாது. விமானப் படை அந்தத் தண்டனையை எஃப்.பி.ஐ.க்கு அனுப்பவே இல்லை. கடைக்குப் போனான், சோதனையில் தேறினான், வாங்கினான். 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது மனைவியின் தாயார் வழக்கமாகப் போகும் தேவாலயத்துக்குள் புகுந்து சுட்டான். கருவில் இருந்த ஒரு சிசுவையும் சேர்த்து 26 பேர் இறந்தார்கள். மாமியார் அன்று அங்கே இல்லை. மனைவியின் பாட்டி இருந்தார், இறந்தார்.

துப்பாக்கி ஆதரவாளர்கள் இதே சம்பவத்தைச் சொல்லும்போது, அருகில் குடியிருந்த ஒருவர் தன் துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டு அவனை விரட்டியதைச் சொல்வார்கள். அதுவும் நடந்ததுதான். ஆனால் தேவாலயத்தில் சுட்டவன் துப்பாக்கி வைத்திருக்கத் தடை செய்யப்பட்டவன் என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் கதை பாதிதான். பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் 2021-இல் நீதிபதி ஒருவர், நடந்ததில் 60 சதவீதப் பொறுப்பை அரசின் மேல் வைத்தார். 2023-இல் 144.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. தண்டனை விவரங்களை ஒழுங்காக அனுப்ப வைக்க 2018-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. தனிநபரிடம் வாங்கினால் கூட்டாட்சிச் சட்டப்படி இந்தச் சோதனைகூடக் கிடையாது. மாநிலச் சட்டம் கேட்டால்தான் உண்டு.

'குடும்பம்' என்றால் யார் யார் என்பதில் இன்னொரு சறுக்கல். 1996 சட்டம் கணவன் மனைவி, சேர்ந்து வாழ்ந்தவர்கள், சேர்ந்து குழந்தை பெற்றவர்கள், பெற்றோர் என்ற வட்டத்தோடு நின்றுவிட்டது. தனி வீட்டில் இருக்கும் காதலன் அடித்தால் அதில் வரமாட்டான். 2022 ஜூனில் வந்த சட்டம் காதல் உறவையும் சேர்த்தது, அதுவும் அரைகுறையாக. முதல் தடவை தண்டனை பெற்ற காதலனுக்கு, ஐந்து வருடம் வேறு வன்முறைக் குற்றம் செய்யாவிட்டால், உரிமை திரும்பிவிடும். கணவனுக்கு அந்தச் சலுகை இல்லை. சட்டம் இயற்றத் தேவையான ஓட்டுகளைத் திரட்டச் செய்த சமரசம் என்பதைத் தவிர இதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. காதலன் வழக்கில் 2022-க்கு முன் வாங்கிய தண்டனைகளும் கணக்கில் வராது.

போலீஸ்காரருக்கும் ராணுவத்தாருக்கும் விலக்கு உண்டு என்பார்கள். தண்டனை பெற்றிருந்தால் கிடையாது. பணித் துப்பாக்கியைக்கூடத் தொட முடியாது. வேலை போகும். பாதுகாப்பு உத்தரவு மட்டும்தான் என்றால் பணித் துப்பாக்கிக்கு விலக்கு இருக்கிறது.

எண்களை எடுத்துக்கொண்டால், அடிக்கடி கண்ணில் படுவது 'ஐந்து மடங்கு'. ஜாக்குலின் கேம்பெல் குழுவினர் 11 நகரங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. கொடுமைப்படுத்தும் துணைவருக்குத் துப்பாக்கி கிடைக்கக்கூடிய நிலை இருந்தால், பெண் கொல்லப்படும் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்றது. தடை போட்டால் கொலை ஐந்தில் ஒன்றாகும் என்று அதற்குப் பொருள் இல்லை.

'ஒருமுறை போனால் போனதுதான்' என்பதும் முழு உண்மையல்ல. தண்டனை பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டாலோ மன்னிப்புக் கிடைத்தாலோ உரிமை பொதுவாகத் திரும்பும். நேரடியாக அரசிடம் மனு போடும் வழியும் ஏட்டில் இருந்தது. அந்த மனுக்களைப் பரிசீலிக்கச் செலவு செய்யக் கூடாதென்று 1992-இல் நாடாளுமன்றம் கதவைச் சாத்தியது. 2025 ஏப்ரலில் நீதி அமைச்சகம் அதை வேறு பக்கமாகத் திறந்தது. முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2011-இல் எதிர்வாதம் செய்யாமல் தண்டனையை ஏற்ற நடிகர் மெல் கிப்சன் உட்படப் பத்துப் பேருக்கு உரிமை திரும்பியது. அவர் பெயரைப் பரிந்துரைக்க மறுத்திருந்த மன்னிப்புத் துறை வழக்கறிஞர் லிஸ் ஓயர் அதற்கு முந்தைய மாதமே வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மறுத்ததுதான் காரணம் என்றார் அவர். இல்லை என்றது அமைச்சகம். திருந்தியவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அது நீதிபதி முன்னால், அடிபட்டவரையும் கேட்டுவிட்டு நடக்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. 'சிறுகுற்றம்தான், ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு முடிந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். குடியுரிமை இல்லாதவருக்குக் குடும்ப வன்முறைத் தண்டனை நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். கிரீன் கார்டும் காப்பாற்றாது. எச்-1பி போன்ற விசாக்களில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, எந்த வழக்கும் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அடிபடுகிற பக்கத்தில் இருப்பவர்கள், பாதுகாப்பு உத்தரவு கேட்கும்போதே வீட்டில் என்னென்ன துப்பாக்கி, எந்த அலமாரியில் என்பதை மனுவில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மாநிலத்தில் அதை யார் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று அன்றைக்கே நீதிமன்ற அலுவலகத்தில் கேளுங்கள்.