ஸ்டூடண்ட் லோன் இருக்கா? புருஷன் பொண்டாட்டி டாக்ஸை சேத்து ஃபைல் பண்ணணுமா, தனித்தனியாவா

அமெரிக்காவுல கல்யாணம் ஆனவங்க டாக்ஸை சேத்து ஃபைல் பண்றதுதான் லாபம்னு எல்லாரும் சொல்வாங்க, பொதுவா அது சரிதான். ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஃபெடரல் ஸ்டூடண்ட் லோன் (அமெரிக்க மத்திய அரசு லோன்) இருந்து, வருமானத்த வெச்சு மாசத் தவணை கணக்கு போடுற பிளான்ல இருந்தா, கண்ண மூடிட்டு சேத்து ஃபைல் பண்ணிடாதீங்க.

முதல்ல ஸ்டூடண்ட்எய்ட் டாட் கவ் சைட்ல லாகின் பண்ணி உங்க லோன் அங்க தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா அது பிரைவேட் லோனா இருக்கும், இல்ல ஊர்ல பேங்க்ல வாங்கின எஜுகேஷன் லோனா இருக்கும், அதுக்கெல்லாம் நீங்க எப்படி ஃபைல் பண்ணாலும் தவணை மாறாது.

ஃபெடரல் லோன்னா விஷயமே வேற. வருமானத்த வெச்சு தவணை போடுற ஐபிஆர் (IBR) பிளானும் சரி, 2026 ஜூலை 1ல இருந்து வர்ற ராப் (RAP) பிளானும் சரி, சேத்து ஃபைல் பண்ணா ரெண்டு பேர் வருமானத்தையும் கூட்டிதான் தவணை போடுவாங்க, தனித்தனியா பண்ணா லோன் வாங்கினவங்க வருமானம் மட்டும்தான்.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். மனைவிக்கு லோன் இருக்கு, வருஷ வருமானம் 58,000 டாலர். கணவருக்கு 92,000, லோன் இல்ல, குழந்தையும் இல்ல. சேத்து ஃபைல் பண்ணா மொத்தம் 150,000, ராப்ல 1 லட்சத்துக்கு மேல போனாலே மொத்த வருமானத்துல 10%, அதனால மாசம் 1,250 டாலர் கட்டணும். தனியா பண்ணா 58,000க்கு 5%தான், மாசம் 242க்குள்ள முடிஞ்சிடும். வருஷத்துக்கு 12,000 டாலருக்கு மேல வித்தியாசம்!

இப்ப அந்தப் பக்கம் என்ன போகுதுன்னும் பாக்கணும். 2025 ரேட்ல, எல்லாருக்கும் பொதுவா வருமானத்துல கழிக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் மட்டும் எடுத்தா, இவங்களுக்கு தனித்தனியா ஃபைல் பண்றதால டாக்ஸ் 620 டாலர் மாதிரி கூடும், ஸ்டூடண்ட் லோன் வட்டிக்கு கிடைக்கிற 2,500 வரைக்குமான டிடக்‌ஷனும் போயிடும், அது ஒரு 550. ஆக நஷ்டம் 1,200க்குள்ள, தவணையில மிச்சம் 12,000. இவங்களுக்கு தனித்தனிதான் நல்லது. ஆனா உங்க நம்பர் வேற மாதிரி வரலாம். சின்ன குழந்தை இருந்தா டேகேர் செலவுக்கான கிரெடிட் பெரும்பாலும் கிடைக்காது, ஒருத்தர் ஐட்டமைஸ் பண்ணா (செலவு செலவா கணக்கு காட்டி கழிச்சா) இன்னொருத்தரும் பண்ணியே ஆகணும், ஒரே வீட்ல இருந்துட்டு தனியா ஃபைல் பண்றவங்களுக்கு வருமானம் 10,000 டாலர் தாண்டிட்டாலே ராத் ஐஆர்ஏ-ங்கற ரிடையர்மென்ட் அக்கவுண்ட்ல நேரா பணம் போட முடியாது. அதனால சப்மிட் பண்றதுக்கு முன்னாடி டாக்ஸ் சாஃப்ட்வேர்ல ரெண்டு விதமாவும் போட்டு பாத்துடுங்க.

தவணை குறையுதுன்னா கடன் குறையுதுன்னு அர்த்தம் இல்லங்க, இத அழுத்தி சொல்றேன். ஐபிஆர்ல கட்டுற தொகை வட்டிக்கே பத்தலைன்னா பாக்கி ஏறிட்டே போகும். கவர்ன்மென்ட் வேலையிலயோ நான்-பிராஃபிட்லயோ இருந்து 120 தவணை கட்டி மீதிய தள்ளுபடி வாங்கப் போறவங்களுக்குதான் இது முழு லாபம். நாலஞ்சு வருஷத்துல கடன அடைச்சிடலாம்னு இருக்கறவங்க சேத்தே ஃபைல் பண்ணுங்க.

நம்மாளுங்க நிறைய இருக்குற டெக்ஸாஸ், கலிஃபோர்னியா ரெண்டுலயும் இன்னொரு சிக்கல் இருக்கு. அங்க கணவன் மனைவி சம்பாத்தியம் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு சட்டம், தனியா ஃபைல் பண்ணாலும் ஆளுக்கு 75,000னுதான் காட்டணும், அப்ப மேல சொன்ன மனைவியோட தவணை 437 டாலருக்கு ஏறிடும். 1,250க்கு அது குறைவுதான், ஆனா 242 வரும்னு நினைச்சு பட்ஜெட் போட்டுடாதீங்க.

முடிவு பண்ண முடியாம ஏப்ரல் 15 நெருங்கிடுச்சுன்னா தனித்தனியாவே ஃபைல் பண்ணுங்க, ஏன்னா அப்புறம் 3 வருஷத்துக்குள்ள அத சேத்து ஃபைல் பண்ணதா திருத்திக்கலாம். சேத்து பண்ணிட்டு, கெடு முடிஞ்சப்புறம் பிரிக்க முடியாது.

காலேஜ் எய்டுக்கு இதே வழிய யூஸ் பண்ணலாம்னு நினைக்காதீங்க, அங்கதான் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. காலேஜ் எய்டுக்கு போடுற ஃபெடரல் ஃபார்மான ஃபாஃப்ஸாவுல (FAFSA) அப்பா அம்மா ஒரே குடும்பமா இருந்தா எப்படி ஃபைல் பண்ணாலும் ரெண்டு வருமானமும் சேரும். தனியா பண்ணா வேலைதான் ஜாஸ்தி, ரெண்டு பேரும் தனித்தனி அக்கவுண்ட் ஓபன் பண்ணி, டாக்ஸ் டிபார்ட்மென்ட்டான ஐஆர்எஸ்ல இருந்து டேட்டா எடுக்க சம்மதம் குடுத்து, சைன் பண்ணணும், ஒருத்தர் சம்மதம் குடுக்கலைன்னாலும் பிள்ளைக்கு ஃபெடரல் எய்ட் கிடையாது. அதுக்கு மேல, காலேஜ் பிள்ளைக்கு வருஷம் 2,500 டாலர் வரைக்கும் வர்ற அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்டும் தனியா ஃபைல் பண்ணா போச்சு.

படிக்கிறவங்களே கல்யாணம் ஆனவங்கன்னா அப்பா அம்மா வருமானம் கணக்குல வராது, கணவரோ மனைவியோ வருவாங்க. 2026-27 ஃபாஃப்ஸாவுக்கு 2024 டாக்ஸ எடுப்பாங்க, ஆனா கல்யாணம் ஆச்சா இல்லையாங்கறது ஃபார்ம் போடுற அன்னிக்கு இருக்குற நிலைமைதான். 2024ல சிங்கிளா ஃபைல் பண்ணியிருந்தாலும் இப்ப கல்யாணம் ஆகியிருந்தா துணையோட வருமானமும் கூடும், அவங்களும் அக்கவுண்ட் ஓபன் பண்ணி சைன் பண்ணணும், அதனால ஃபார்ம ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க அக்கவுண்ட்ட ரெடி பண்ணி வெச்சுக்கோங்க.