அமைதியான அறையில் 95, கல்யாண மண்டபத்தில்?

காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக்கி உட்செவியின் நரம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தியவரின் ஆடியோகிராமை, அதாவது எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “25 டெசிபெல்லிலேயே கேட்கிறதே, இனி எங்கே போனாலும் சமாளித்துவிடுவார்” என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இந்தத் தவறுதான். மெல்லிய ஒலியும் உள்ளே போய்ச் சேருகிறது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். சேர்ந்த ஒலி எவ்வளவு தெளிவு என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

கருவி வேலை செய்யும் விதம் அப்படி. அதன் புராசஸர் ஒலியைச் சில அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் சத்தம் ஏறி இறங்கும் போக்கை மின்துடிப்பாக்கி, உட்செவிக்குள் நரம்பைத் தூண்டும் எலெக்ட்ரோடுகளுக்கு அனுப்புகிறது. சுருதியின் நுணுக்கம் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். அமைதியில் அதனால் பெரிய நஷ்டமில்லை. 1995-ல் ஆராய்ச்சியாளர் ஷானனின் குழுவினர் பேச்சை வெறும் நான்கு பட்டைகளாகச் சுருக்கிக் கொடுத்தும், இயல்பான செவியுள்ளவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரலை இன்னொன்றிலிருந்து பிரித்தெடுக்கச் சுருதி வேண்டும். அங்கேதான் கை விரிக்க வேண்டியிருக்கிறது.

சரி, எலெக்ட்ரோடு அதிகமுள்ள கருவியை வாங்கினால்? 22 இருப்பது 12 இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு தெளிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. உட்செவியின் திரவத்தில் மின்சாரம் பரவுவதால், அடுத்தடுத்த எலெக்ட்ரோடுகள் பல நேரம் ஒரே நரம்புகளைத்தான் தட்டுகின்றன. 2001-ல் ஃப்ரீசன் குழுவினர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். சராசரியாக ஏழெட்டுக்கு மேல் பலன் ஏறவில்லை.

அமைதியான அறையில் பேச்சைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை நம்புவதும் ஆபத்துதான். இரண்டு பேர் 95 சதவீதம் எடுத்திருப்பார்கள். தேர்வு இருவருக்குமே சுலபம், அவ்வளவுதான். இரைச்சலைச் சேர்த்ததும் ஒருவர் தாக்குப்பிடிப்பார், இன்னொருவர் தவித்துப்போவார். இயல்பான செவிக்கு, இரைச்சல் பேச்சைவிடச் சில டெசிபெல் கூடுதலாக இருந்தாலும் பாதி வாக்கியம் பிடிபடும். இம்ப்ளான்ட் வைத்திருப்பவர்களில் பலருக்குப் பேச்சுதான் இரைச்சலைவிட உரக்க இருந்தாக வேண்டும்.

எந்த இரைச்சல் என்பதையும் கவனிக்க வேண்டும். மின்விசிறி போல ஒரே சீராக ஓடும் சத்தத்தில் சோதித்துவிட்டு, பேருந்து நிலையத்தைப் பற்றி ஊகிக்கக் கூடாது. மற்றவர் பேச்சில் விழும் இடைவெளிகளில் புகுந்து கேட்பது இயல்பான செவிக்குக் கைவந்த கலை. இம்ப்ளான்டில் அந்த உதவி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அப்புறம், வயதையும் காது கேட்காமல் இருந்த ஆண்டுகளையும் வைத்து, ஒருவருக்கு எவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்லும் ஜோசியம். பேசப் பழகிய பின் செவித்திறன் இழந்த 2,251 பெரியவர்களின் தரவை 15 மையங்களிலிருந்து திரட்டி, லசார் குழுவினர் 2012-ல் வெளியிட்டார்கள். அத்தனை காரணிகளைச் சேர்த்தும், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் விளக்கம் கிடைத்தது. கூட்டத்துக்குப் பொருந்தும் போக்கை உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. பலனைக் கணிக்கும் கணினி மாடல்களை உருவாக்குகிறவர்களும் இதில் வழுக்குவதுண்டு: ஒரே ஆளின் பதிவுகளைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால், புதியவர் வரும்போது துல்லியம் சரிந்துவிடும்.

ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது மேல். இரைச்சலுக்கு நடுவே மூன்று மூன்று எண்களாகச் சொல்லி, எந்த அளவில் பாதி சரியாக வருகிறது என்று பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடியும். எண்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் சொல்வளம் குறுக்கே வராது. கருவியை இயக்கிய முதல் மாத எண்ணையே முடிவாகக் கொள்ளாதீர்கள், முதல் ஓராண்டில் பலருக்கு அது கணிசமாக மாறும். சோதனை அவர் பேசும் மொழியிலேயே நடக்கட்டும். வலி, வழி, வளி போன்ற சொற்களைப் பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிக்குறிப்புகள் இரைச்சலில் எளிதில் கரைந்துபோகும். ஆங்கிலப் பட்டியலில் எடுத்த மதிப்பெண்ணில் அது தெரியவே தெரியாது.