சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பிங்: நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்கு உடம்பைப் பழக்குவது எப்படி?

தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு நிதி திரட்ட நாலு பேர் சேர்ந்து சைக்கிளில் போகலாம் என்று கோப்பிக் கடையில் முடிவெடுப்பது எளிது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் வழியாகத் தைப்பிங் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். புதியவர்கள் எல்லோரும் காலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கால் தாங்கிவிடும். முதலில் கைவிரிப்பவை பின்புறமும் வயிறும்தான்.

முதல் படி: இருக்கை

சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்காருங்கள். ஒரு மிதியை அடிவரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியிருந்தால் இருக்கை தாழ்வு. குதிகால் எட்டாமல் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் உயரம் அதிகம். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக வளையும். அந்த வளைவுதான் வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாதவர்கள்தான் பிறகு முழங்கால் தைலம் வாங்குகிறார்கள்.

மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்று வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை கூடாது. தையல் உரசித்தான் புண் வருகிறது, கூச்சப்பட்டுப் பயனில்லை.

இரண்டாம் படி: வாரக் கணக்கு

நான்கு மாதம் ஒதுக்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு இருபது கிலோமீட்டர் போதும். பிறகு வாரம் ஐந்து கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து ஓட்டுங்கள், உடம்பு தேறுவது அப்போதுதான். பயிற்சியில் எண்பதைத் தொட்டவரால் பயண நாளில் நூறைத் தாண்ட முடியும்.

வேகம்? மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போக முடிகிற வேகம். மெதுவாக ஓட்டும் நண்பரை வரிசையின் கடைசியில் விடாதீர்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதால், அவருக்குப் பின்னால் உள்ள இடத்தில் களைப்புக் குறைவு. அதை அந்த நண்பருக்குக் கொடுங்கள். குழியைக் கண்டால் முன்னவர் குரல் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: நேரமும் பாதையும்

வெயிலுக்கு முன் கிளம்பியாக வேண்டும். ஆனால் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டதால், நமக்கு ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. ஆறு மணிக்குக் கிளம்பினால் முன் விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய கூட்டரசுச் சாலைதான் நம் வழி.

ஆரம்ப வாரங்களில் தோட்டச் சாலைகள் நல்லவை. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் அதற்குச் சுவாரசியம் போய்விடும்.

செம்பனை மட்டை முள் டயரைத் துளைக்கும். உள் டியூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும், முள் டயரிலேயே இருப்பதால். டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல் மாட்டும். ஆளுக்கு ஒரு மாற்று டியூப், இருவருக்கு ஒரு கைப் பம்பு.

நான்காம் படி: வயிறு

பசித்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அரை மணிக்கு ஒருமுறை ஏதாவது: பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒன்று, காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த ஜாம்) தடவிய ரொட்டித் துண்டு. மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை நீர். நம் வெயிலில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒரு புட்டி இருக்கட்டும். பயண நாளில் புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ரொட்டி சானாய் எங்கும் ஓடிவிடாது, திரும்பி வந்து சாப்பிடலாம்.

ஐந்தாம் படி: புக்கிட் பெராபிட்

பாடாங் ரெங்காஸுக்கு அப்பால் இந்த ஏற்றம் வரும். அடிவாரத்துக்கு முன்பே லேசான கியருக்கு மாறுங்கள். பாதியில் மாற்றினால் சங்கிலி கழன்றுவிடலாம். அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் எல்லோரும் ஒன்றுசேருங்கள். இறக்கத்தில் லாரிகள் வரும், இடப்பக்கம் ஒட்டி ஒற்றை வரிசை. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர். பிற்பகல் இடிமழைக்கு முன் திரும்பும் வழியில் இருப்பது நல்லது.

கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள்.

நிதி விஷயம் ஒன்று: தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) என்று உறுதி வாங்குவது ஒரு வழி. வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்துவதாக இருந்தால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். இருக்கையைச் சரிசெய்யும் அதே வாரத்தில் காவல் நிலையத்துக்குப் போய் அதையும் விசாரித்துவிடுங்கள்.