பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே ஸ்பீக்கர்: முன் ஜோடியை முதலில் தேர்ந்தெடுங்கள்

பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர், படத்துக்கு வேறு ஸ்பீக்கர் என்று கடைகளில் பிரித்துச் சொல்வதுண்டு. அப்படிப் பிரிக்கத் தேவையில்லை. பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தருகிற ஸ்பீக்கர் இரண்டுக்கும் பொருந்தும். படத்துக்குக் கூடுதலாக வேண்டியவை இரண்டுதான்: திடீரென்று எழும் சத்தத்தைத் திணறாமல் தாங்கும் வலு, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஆழமான பேஸ். இரண்டாவதை, பேஸுக்கென்றே இருக்கும் தனிப் பெட்டியான சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும்.

அதனால் ஸ்பீக்கர்களுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை முன்பக்க இடது, வலது ஜோடிக்கு வையுங்கள். கால்வாசி சப்வூஃபருக்கு, மீதி, வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டருக்கும், பக்கத்திலும் பின்னாலும் வைக்கும் சரவுண்டுக்கும். முழுப் பணமும் இப்போது கையில் இல்லை என்றால் முதலில் ஜோடி, அடுத்து சப்வூஃபர். மற்றவை பிறகு வரட்டும். அதே விலையில் கிடைக்கும் 5.1 செட்டின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) சின்னப் பெட்டிகளில் கீழ் ஒலிக்கான கூம்பு, அதாவது ஊஃபர், 3 அங்குலம்தான் இருக்கும். அதனால் கீழ் ஸ்வரங்களைத் தர முடியாது. ஆண்குரலின் கனமும் மிருதங்கத்தின் தொப்பியும் சப்வூஃபருக்குப் போய், பாடகர் ஓரிடத்திலும் அவர் குரலின் அடிப்பகுதி மூலையிலுமாகக் கேட்கும். இசை கேட்பவருக்கு இது தாங்காது.

10க்கு 12 அடி ஹாலுக்கு 6.5 அங்குல ஊஃபரும் உயர் ஒலிக்கு ஒரு ட்வீட்டரும் கொண்ட டூ-வே புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். உயரமான டவர் வாங்கினால் பேஸ் கூடும், ஆனால் அதை அறை கெடுத்துவிடும். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை மூன்றும் பேஸை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸிலும் அதிரும். கூரையும் 10 அடி என்றால் அதே 56 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் குடம்போல முழங்குவது இதனால்தான். டவரை நகர்த்தினால் பாடகரும் வாத்தியங்களும் அவரவர் இடத்தில் கேட்கும் ஸ்டீரியோ மேடை கலையும்; சப்வூஃபரைத் தனியே நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

விவரத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. 87 டெசிபெல் ஸ்பீக்கரை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கும்போது, உச்சம் 95 டெசிபெல் எட்ட, அறையின் உதவியைக் கணக்கில் சேர்க்காமல், சுமார் 56 வாட் வேண்டும். 84 டெசிபெல் ஸ்பீக்கர் என்றால் அதற்கே 112 வாட். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் வாட் இரட்டிக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு. 2.83 வோல்ட்டில் அளந்த எண் என்று போட்டிருந்து, ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் ஆக இருந்தால், அது 1 வாட் அல்ல, 2 வாட்டில் அளந்தது. எண்ணிலிருந்து 3 கழித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரை விலை குறைந்த ரிசீவரில் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) மாட்டினால், அது சண்டைக் காட்சி நடுவே சூடேறித் தானாக அணைந்துவிடலாம். 6 அல்லது 8 ஓம் பாதுகாப்பானது. ரிசீவரின் வாட்டையும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது என்ற வரியில் பாருங்கள். ஒரு சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு என்று போட்ட பெரிய எண்ணையும், கண நேர உச்சத்தைக் காட்டி விளம்பரத்தில் போடும் பிஎம்பிஓ வாட்டையும் மறந்துவிடுங்கள்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் நடத்திய கேட்புச் சோதனைகள் ஒன்றைத் தெளிவாக்கின: பெயர் தெரியாமல் கேட்கும்போது, நேர் எதிரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். டைல்ஸ் போட்ட வீட்டில் பக்கவாட்டு ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இது இன்னும் முக்கியம். அளவீட்டு வரைபடம் கிடைக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

கடையில் கேட்கும்போது இரண்டு ஜோடியையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். 1 டெசிபெல் கூட இருந்தாலும் அதுவே நல்லதாகத் தோன்றும். தம்புரா ஸ்ருதியோடு ஒரு பெண்குரல், தவில், படத்தில் மெல்லிய வசனம் ஒன்று போதும். ஸகரம் குத்தினால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடும். ஷோரூமின் பேஸை நம்பாதீர்கள், அது அந்த அறையின் பேஸ்.

சென்டர் வாங்குவதென்றால் முன் ஜோடியின் அதே வரிசையில் வாங்குங்கள், இல்லாவிட்டால் படத்தில் கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் அதன் ஒலி மாறும். ட்வீட்டருக்கு இருபுறமும் ஊஃபர் படுத்திருக்கும் சாதாரண சென்டரில், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு வசனம் மங்கும். நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச் கூம்புக்கு நேர் மேலே ட்வீட்டர் உள்ள த்ரீ-வே மாடல் இதைவிட நல்லது. இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு சென்டரே வேண்டாம். ரிசீவரில் ‘இல்லை’ என்று வைத்தால் வசனம் இரு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து நிற்கும். சரவுண்டுக்கு 4 அங்குல ஊஃபர் போதும்.

ட்வீட்டர் காது மட்டத்தில், தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இரு ஸ்பீக்கர்களுக்கு இடையிலான தூரமும் ஒவ்வொன்றிலிருந்து இருக்கைக்குள்ள தூரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். டிவி அலமாரியின் பொந்துக்குள் செருகினால் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலில் கனத்த திரை, இரண்டும் செலவு குறைந்த பெரிய முன்னேற்றம்.

ரிசீவர் மைக் வைத்து அறையை அளக்கும் தானியங்கி அளவீடு முடிந்ததும், அது முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் சொந்தக் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு வடிகட்டி சேர்ந்து நடுவில் ஓட்டை விழும். பாட்டுக்கு ‘ஸ்டீரியோ’ முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘டைரக்ட்’ பல ரிசீவர்களில் சப்வூஃபரைத் துண்டித்துவிடும்.

ஒயர் 1.5 சதுர மி.மீ. செம்பு போதும், 10 மீட்டர் தாண்டினால் 2.5. செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம், மின்தடை அதிகம். மாட்டியபின் ஒரு மோனோ பாட்டை, சப்வூஃபரை அணைத்துவிட்டு, ஓடவிடுங்கள். குரல் நடுவில் நிற்காமல் எங்கும் பரவி, பேஸும் மெலிந்தால் ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.