தோட்டக் கொட்டகையின் கான்கிரீட் தளத்தைச் சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டில் மட்டும் மூன்று தோட்டங்களில் ஒரே காட்சியைக் கண்டேன். கருவிகளும் உர மூட்டைகளும் வைக்கக் கட்டிய சிறு தகரக் கொட்டகையில் கான்கிரீட் தளம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். தொழிலுக்குப் புதிதாக வந்த கொத்தனார் டியூப் லெவல் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, அந்தப் பள்ளத்தை நிரப்பக் கலவை போட்டுக்கொண்டிருப்பார். வேலை சுத்தமாகவே இருக்கும். தளம் ஏன் இறங்கியது என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் செய்தேன் என்பதால் இதை எழுதுகிறேன். மணலைச் சலிக்காதது, கட்டிபிடித்த சிமெண்டைப் பயன்படுத்தியது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த பிழைகள். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இறங்கிய தளத்தின் மேல் பூச்சுப் போடுவது

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கரிசல் தோட்டத்தில் 12 அடிக்கு 9 அடி அளவில் ஒரு கொட்டகை இருந்தது. அதன் தளம் மேற்குப் பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கி, குறுக்கே ஒரு விரிசலும் ஓடியிருந்தது. ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்று கலவை போட்டு, மேற்கில் ஒன்றரை அங்குலத்தில் தொடங்கிக் கிழக்கே ஒன்றுமில்லாமல் மெலியும்படி பூசி, ரசமட்டம் வைத்துக் காட்டினேன். தோட்டத்து அம்மா மனநிறைவோடு கூலி கொடுத்தார். ஐப்பசி மழை முடிந்ததும் ஆள் அனுப்பி அழைத்தார். போய்ப் பார்த்தபோது, "ஏனுங்க மேஸ்திரி, நீங்க பூசினதும் சேர்ந்து இறங்கிடுச்சுங்களே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பூச்சு மெலிந்த கிழக்கு ஓரம் அப்பளம்போல் உரிந்திருந்தது. மேற்குப் பக்கம் கடப்பாரையின் பின்முனையால் தட்டியபோது பொக்கென்று சத்தம் கேட்டது. அங்கே தளத்தை உடைத்துப் பார்த்தபோது, கான்கிரீட்டுக்கு அடியில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. முதலில் தளம் போட்டவர்கள் வாய்க்கால் வெட்டிய கரிசல் மண்ணையே வேரும் கட்டியுமாக ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரே தடவையில் கொட்டி, மேலே மிதித்துவிட்டு, கான்கிரீட் போட்டிருந்தார்கள். கூரைத் தகரத்தின் தண்ணீர் மேற்கு ஓரத்திலேயே விழுந்து அந்த மண்ணை ஒவ்வொரு மழைக்கும் அரித்துக்கொண்டு போயிருந்தது. அடியில் பிடிமானம் இழந்து நின்ற தளத்தின்மேல் நான் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றிவிட்டு, அதைப் பழுதுபார்த்தல் என்று நம்பியிருந்தேன். பூச்சு, அதை உடைத்த கூலி, புதுத் தளம் என்று அந்த அம்மா ஒரே தரைக்கு மூன்று முறை செலவு செய்ய நேர்ந்தது. அதனால்தான் இதே வேலையை இன்னொருவர் செய்யும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

ஆகவே கரணையைக் கையில் எடுப்பதற்கு முன் தளத்தைச் சோதிக்க வேண்டும். கடப்பாரையால் ஓர் அடிக்கு ஓர் இடமாகத் தட்டிச் சென்று, பொக்குச் சத்தம் கேட்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக்கொள்ளுங்கள். அங்கே 12 மி.மீ. துளையிட்டுக் கம்பியை இறக்கினால் அடியில் எவ்வளவு வெற்றிடம் என்பது தெரிந்துவிடும். விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு பட்டையாகத் தடவித் தேதி எழுதி வையுங்கள். அந்தப் பட்டை கீறினால் தளம் இன்னும் அசைகிறது என்று பொருள். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் என்பதால், அங்கே ஒரு வாரம் பட்டை கீறாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் நான்கு மூலைகளின் மட்டத்தைக் குறித்து ஒப்பிட வேண்டும்.

விரிசல் விட்ட தளத்தின் துண்டுகள் தனித்தனியே ஆடினால் உடைத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. உடைத்தபின் பழைய நிரப்பு மண்ணை முழுவதும் அகற்றிவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையாலோ (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) இயந்திரத்தாலோ இறுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். கரிசலில் நான் குறைந்தது 2 அடி ஆழம் தோண்டி, தளத்தின் விளிம்புக்கு வெளியேயும் 2 அடி வரை மண்ணை மாற்றுகிறேன். மாற்று மண்ணாகப் பலர் வெறும் மணலைக் கொட்டுகிறார்கள். களிமண் குழிக்குள் மணல் நிரப்பினால் அது மழைநீரைத் தேக்கும் தொட்டியாகி, சுற்றியுள்ள கரிசலை உள்ளிருந்தே உப்பவைக்கும். ஒட்டும் தன்மை உடைய, ஆனால் உப்பாத செம்மண் கலந்த கிராவலே இதற்கு ஏற்றது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். கே. கட்டி ஆய்ந்து நிறுவிய முறையும் இதுவே. கரிசல் நிலத்தில் வெட்டும் கால்வாய்களுக்கான ஐ.எஸ். 9451 என்னும் இந்தியத் தரநூலும் இத்தகைய மண்ணைத்தான் சொல்கிறது.

தளம் உடையாமல் உறுதியாக இருந்து, அடியில் சிறு வெற்றிடம் மட்டுமே இருந்தால், துளைகள் வழியாகச் சிமெண்டும் நுண்மணலும் கலந்த குழம்பை ஊற்றி நிரப்பலாம். ஆனால் மண்ணை அரித்த தண்ணீருக்கு முதலில் தகரக்கால்வாயோ வடிகாலோ அமைத்து வழியை மாற்றாவிட்டால், ஊற்றிய குழம்புக்கு அடியிலும் அதே அரிப்பு தொடரும்.

பூச்சே கூடாது என்று நான் சொல்லவில்லை. தளம் அசையாமல் நின்று, மேற்பரப்பு மட்டும் தூளாக உதிர்கிறது, அல்லது வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் நிற்கிறது என்றால் பூச்சுத்தான் சரியான மருந்து. புதுக் கலவை உலரும்போது சுருங்கும், பழைய கான்கிரீட்டோ சுருங்கி முடித்துவிட்டது. இந்த இரண்டும் இழுத்துக்கொள்ளும்போது ஒட்டுப்பிடி பலவீனமாக இருந்தால் பூச்சு கிளம்பிவிடும். ஆகையால் பழைய பரப்பை ஜல்லி தெரியும்வரை பொளிந்து, தூசியைக் கழுவி, இரவெல்லாம் நனையவிட்டு, காலையில் தேங்கிய நீரைத் துடைத்தெடுத்து, சிமெண்ட் பாலை (நீரில் கரைத்த சிமெண்ட்) துடைப்பத்தால் தேய்த்து, அது காய்வதற்குள் சிப்ஸ் எனப்படும் பொடி ஜல்லி சேர்த்த கலவையை ஒன்றரை அங்குலக் கனத்தில் இட வேண்டும். பூச்சு முடியும் இடத்தில் மெலியவிடாமல், பழைய தளத்தில் ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் முடித்தால் ஓரம் உரியாது.

கொட்டகையைவிடப் பெரிய தளம்

தளம் கொட்டகையைவிட அரையடி பெரிதாக இருந்தால் வசதி என்று பலரும் எண்ணுகிறார்கள். சுவர்த் தகரத்தில் வழியும் மழைநீர் அந்தத் திண்ணை போன்ற ஓரத்தில் விழுந்து, தகரத்துக்கு அடியிலுள்ள இடுக்கு வழியாக நேரே உள்ளே போகும். உள்ளே யூரியா மூட்டை இருந்தால் அது ஒரே மழையில் கட்டியாகிவிடும். இதற்கு இடுக்கில் சிலிகான் அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கட்டிங் மெஷினால் அறுத்து எடுத்துவிடுங்கள். அதற்கு வழியில்லையென்றால், ஓரத்தை வெளிப்பக்கம் சரியும்படி பொளிந்து, கொட்டகையின் அடிச்சட்டத்தை ஒரு வரி செங்கல்மேல் உயர்த்தி வையுங்கள். தளமும் சுற்றுத் தரையைவிட அரையடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

விரிசலில் சிமெண்ட் பால் ஊற்றுவது

ஊற்ற வேண்டாம். அசையும் விரிசல் அதே இடத்தில் மீண்டும் திறக்கும்.

கலவையை நீரால் இளக்குவது

புதுத் தளம் போடும்போது, தள்ளுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுவது இன்றும் நிற்கவில்லை. ஐ.எஸ். 456: 2000 தரநூலின்படி, எம்-20 என்னும் வலிமைத் தரத்துக்கான பெயரளவுக் கலவையில் (சோதனைக்கூட வடிவமைப்பு இல்லாமல் நிலையான விகிதத்தில் போடுவது) 50 கிலோ மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர்தான். ஈரமான எம்-சாண்டில் (கல்லை அரைத்துச் செய்த மணல்) உள்ள நீரும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 12க்கு 9 அடித் தளத்தை 4 அங்குலக் கனத்தில் போட 36 கன அடி கான்கிரீட் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட் ஆகும். மூட்டைக்கு 5 லிட்டர் கூடினாலும் அந்தச் சிறு தளத்துக்குள் 40 லிட்டர் உபரி நீர் போய்விடும். அந்த நீர் மேலே கசிந்து வந்து, நுண்துகள்களைப் பரப்பில் சேர்த்துவிட்டு ஆவியாகும். பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூள் வரும் தரை இப்படித்தான் உருவாகிறது.

கம்பியை மண்ணில் கிடத்துவது

கீழே கவர் கட்டை (கம்பியை மண்ணிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்காத கம்பி, துருப்பிடிப்பதைத் தவிர வேறு வேலை செய்யாது.

மூலைமட்டம் பார்க்காதது

12க்கு 9 என்றால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 15 அடி. அளந்துவிட்டுத்தான் கலவை.

இணைப்பை விட்டுவிடுவதும் க்யூரிங்கை அவசரப்படுத்துவதும்

முழுத் தளத்தையும் இணைப்பே இல்லாமல் விட்டால், சுருங்கும்போது அது தனக்கு விருப்பமான இடத்தில் வெடித்துக்கொள்ளும். 4 அங்குலத் தளத்தில் நடுவே ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு, போட்ட மறுநாளுக்குள் வெட்டிவிட்டால் விரிசல் அந்தக் கோட்டுக்குள் அடங்கும். க்யூரிங் என்று பாத்தி கட்டி நீர் நிறுத்துவதை மூன்று நாளில் முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்கு அதே ஐ.எஸ். 456 தரநூல் குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாளைப் பரிந்துரைக்கிறது. கொட்டகையைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளுக்கு அந்த 14 நாளும் முடிந்த பின்பே துளையிடுங்கள். விளிம்பிலிருந்து 4 அங்குலமாவது உள்ளே தள்ளி வையுங்கள், இல்லையேல் போல்ட்டை முறுக்கும்போதே ஓரம் பெயர்ந்து வந்துவிடும்.